கை மறவாத தொழில்

 

ஞாபக மறதி வேறு, மறதி நோய் வேறு. கடைச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, இது எதற்கு உதவும் பொருள் என்று விழிப்பது நோய். டாக்டர்கள் இதனை டிமென்ஷியா என்று அழைக்கிறார்கள். இது பைத்தியமன்று; யாரோ வைத்த செய்வினையுமன்று. மூளையைத் தாக்கும் வியாதிகளால் வருவது. அவற்றுள் அதிகமாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய டாக்டர் அலோயிஸ் அல்ஸைமர் அதனை டாக்டர்கள் கூடிய சபையில் எடுத்துரைத்தார். பின்னர் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும் மருந்துகள் உண்டு. பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

நமது நாட்டில் 2018-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 8.5 பேரிடம் இந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. அதாவது, பள்ளிவாசலின் முன் வரிசையில் 12 பெரியவர்கள் நின்றால், அவர்களில் ஒருவருக்கு இது நேரலாம் என்பது கணக்கு. ஆகவே இது யாரோ ஒரு வீட்டுச் சங்கதி என்று எண்ணி ஒதுங்கிவிட முடியாது.

கோலாலம்பூரிலும், பெட்டாலிங் ஜெயாவிலும், கிள்ளானிலும் இத்தகைய முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் இருக்கின்றன. நம்மவர்களில் சிலரும் தங்கள் பெற்றோரை அங்கே சேர்த்திருக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, அடுக்குமாடி வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகும் உம்மாவைத் தனியே விட்டுச் செல்வது எப்படி? அவரவர் கஷ்டம் அவரவர்க்குத்தான் தெரியும். நாம் கேட்க விரும்புவது வேறு கேள்வி. இல்லத்தில் சேர்த்த பிறகு, அந்தப் பெரியவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார்?

பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தொலைக்காட்சி ஓடுகிறது. அது பேசும் பாஷையும் அவருக்குப் பிடிபடுவதில்லை. சோறு வருகிறது, மருந்து வருகிறது, இரவு வருகிறது. வயிறு நிறைந்தாலும் அந்த மனிதர் பட்டினிதான் கிடக்கிறார். இந்தப் பட்டினியைப் போக்கும் வழியைப் பற்றியே இந்தக் கட்டுரை. நாம் வைத்தியரல்ல, கடை வியாபாரி. எனினும் இல்லங்களுக்குச் சென்று கண்டவற்றையும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துக்கூறுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

மறந்தது எது? மறவாதது எது?

மனிதனுடைய ஞாபகம் ஒரே பெட்டியில் வைத்த சரக்கன்று. புதிதாக நடந்ததைப் பதிவு செய்யும் இடம் மூளையில் ஒன்று. கை கால்களின் பழக்கத்தை வைத்திருக்கும் இடங்கள் வேறு. அல்ஸைமர் நோய் பெரும்பாலும் முதலாவதைத்தான் முதலில் அரிக்கிறது. அதனால்தான், காலையில் பசியாறியதை மறந்த பெரியவர் 20 வயதில் கப்பலில் வந்து இறங்கிய கதையை நன்றாகச் சொல்லுகிறார். மகள் பெயர் வராத பெத்தும்மாவுக்கு, மாவைக் கையில் கொடுத்தால் பிசையும் பதம் மாறாமல் வருகிறது.

பாட்டுக்கும் இப்படியே. 2015-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெடுங்காலம் பழகிய பாட்டை மூளை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தபோது, அந்த இடங்கள் அல்ஸைமர் நோயில் மற்ற இடங்களைக் காட்டிலும் குறைவாகவே சேதமடைவதைக் கண்டார்கள். பேச்சு நின்றுபோன ஒருவர், பழைய பைத்தைக் கேட்டதும் உதட்டை அசைத்துக் கூடவே ஓதுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இவற்றால் நோய் தீருமா என்றால், தீராது. தீரும் என்று சொல்லிக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். ஆனால் பலன் உண்டு. உலகின் பல நாடுகளில் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் காக்ரேன் என்னும் ஆய்வு அமைப்பு, 2018-இல் இல்லங்களில் வாழும் நோயாளிகளைப் பற்றித் தன் முடிவை வெளியிட்டது. குறைந்தது 5 முறையாவது முறையாக இசைப் பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவதற்கும், நடத்தைக் கோளாறுகள் தணிவதற்கும் இடமுண்டு என்பது அதன் சாரம். அறிவுத் திறன் கூடுவதாகவோ, ஆவேசம் அடங்குவதாகவோ அதில் தெரியவில்லை. அந்த அளவே போதும். சோர்ந்து கிடந்த முகம் ஒரு மணி நேரம் மலர்ந்தால், அந்த ஒரு மணி நேரம் அவருடைய வாழ்வில் சேர்ந்தது தானே?

பிரிட்டனில் இதற்கென்றே பாடத்திட்டம் ஒன்று வகுத்தார்கள். வாரம் 2 முறை, 7 வாரங்கள், மொத்தம் 14 வகுப்புகள். சிறு குழுவாக உட்கார்ந்து, பழைய காலத்தைப் பேசுவது, பொருள்களைத் தொட்டு முகர்ந்து பார்ப்பது, விளையாடுவது, பாடுவது. இல்லங்களிலும் பகல்நேர நிலையங்களிலும் இருந்த 201 பேரை வைத்து நடந்த சோதனை 2003-இல் வெளியாயிற்று. அதில் ஞாபகத் திறனிலும் வாழ்க்கைத் திருப்தியிலும் முன்னேற்றம் தெரிந்தது. பின்னர் சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே பாடத்தைத் தமிழர் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி நடத்திப் பார்த்து, 2017-இல் அதனை வெளியிட்டார்கள். ஆகவே இது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரிய சங்கதி என்று தள்ளிவிட வேண்டியதில்லை. நமது நாட்டிலும் 1997-இல் தொடங்கப்பெற்ற மலேசிய அல்ஸைமர் நோய் அறநிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் அமைத்து, இப்பணியைச் செய்து வந்திருக்கிறது.

பலகை எண்ணிய பெரியவர்

கிள்ளான் பக்கத்து இல்லம் ஒன்றில் நாம் கண்டதை இங்கே கூறுகிறோம். ஒரு பெரியவர். மாலை மங்கியதும் வாசலுக்குப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சொல்லித் தட்டுவார். யாராவது தடுத்தால் கோபம் வந்துவிடும். தாதியர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நல்ல பெண்கள். ஆனால் அவர் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போகப் பார்க்கிறார் என்று எண்ணினார்கள்.

அருகே போய்க் கேட்டபோது அவர் எண்ணிக்கொண்டிருந்தார். "ஒன்பது, பத்து, பதினொன்று..." அவ்வளவுதான். நமக்குச் சட்டென்று விளங்கிற்று. பழைய கடைகளுக்கு மடக்குக் கதவு கிடையாது. தனித்தனிப் பலகைகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். மாலையில் அந்த எண் வரிசைப்படி காடியில் சொருகிக் கடையை அடைப்பார்கள். பெரியவர் கடையை அடைத்துக்கொண்டிருந்தார்! முடிக்கவிடாமல் கையைப் பிடித்து இழுத்தால் எந்த வியாபாரிக்குத்தான் கோபம் வராது?

இதைத் தாதியரிடம் விளக்கிச் சொன்னோம். அவர்களே கெட்டியான அட்டையில் 12 பலகைகள் வெட்டி, எண் எழுதி, சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அன்று முதல் பெரியவர் மாலையில் அவற்றை வரிசையாக நிறுத்துவார். பன்னிரண்டாவதை வைத்ததும் கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். சில நாள் கோபம் வராமலில்லை. ஆனால் முன்போல் தினமும் இல்லை. அவரை மாற்றியது மருந்தன்று. அவர் என்ன செய்கிறார் என்று ஒருவருக்குத் தெரிந்ததே காரணம்.

இக்கட்டுரை சொல்ல வந்தது இதுவே. இல்லத்தார் சோறு போடலாம், குளிப்பாட்டலாம், மருந்து கொடுக்கலாம். அவர் யார் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? அதை அறிந்தவர்கள் குடும்பத்தாரும் ஜமாஅத்தாருமே. நாம் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை. அதிலும் மறதி நோய் முற்றும்போது, பின்னால் கற்ற பாஷைகள் முதலில் நழுவிப்போய், சிறுவயதில் பேசிய பாஷையே மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. 50 வருஷம் மலாயில் வியாபாரம் செய்தவர் இப்போது தமிழில்தான் தண்ணீர் கேட்பார்.

செய்யத் தக்க வேலைகள்

1. பொட்டலம் மடித்தல். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைகளில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இது கைவந்த வேலை. பழைய செய்தித்தாள், சணல் நூல், கொஞ்சம் அரிசி அல்லது பயறு போதும். தாளை கூம்பாகச் சுருட்டி, தானியத்தைக் கொட்டி, மடித்துக் கட்டட்டும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' தாள் யாரிடமாவது இருந்தால் ஒன்று கொண்டு போங்கள். மடிப்பதற்கன்று, அதன் தலைப்பைப் பார்த்தே பேச்சு பிறக்கும்.

2. முகர்ந்து பிரித்தல். ஏலம், பட்டை, கிராம்பு, சோம்பு ஆகியவற்றைக் கலந்து ஒரு தட்டில் வைத்து, வேறு கிண்ணங்களில் பிரிக்கச் சொல்லலாம். வாசனை பழைய ஞாபகத்தைக் கிளறும். மிளகாய் வேண்டாம், கையோடு கண்ணைத் தொட்டுவிடுவார்கள். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் நிலையில் உள்ளவர்களுக்குத் தானியமும் வேண்டாம், கிராம்பும் வேண்டாம். துணிப்பையில் கட்டி முகரக் கொடுத்தால் போதும்.

3. பாட்டும் பைத்தும். ஒருவர் 10 வயது முதல் 30 வயது வரை கேட்ட பாட்டே அதிகம் நிலைத்திருக்கும். நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். சிலருக்குப் பழைய சினிமாப் பாட்டு. சிலருக்கு மவ்லிது சபையில் ஓதிய பைத்து. இசைக்கருவி வேண்டாம் என்று வாழ்ந்த பெரியவராயின், கருவியில்லாத பைத்தும் ஸலவாத்துமே பொருத்தம். பாட்டு ஓடும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட வேண்டும். 20 அல்லது 30 நிமிஷம் போதும். நாள் முழுதும் ஓடவிட்டால் அதுவும் இரைச்சலாகிவிடும்.

4. படம் பார்த்துக் கதை கட்டுதல். 1996-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஆன் பாஸ்டிங் என்னும் பெண்மணி பழைய ஞாபகத்தைக் கிளற வெகுவாக முயன்றும் பலிக்கவில்லை. பிறகு பத்திரிகையிலிருந்து குதிரைக்காரன் படம் ஒன்றைக் கிழித்துக் காட்டி, "இவனுக்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டார். நினைவுபடுத்தச் சொல்லவில்லை, கற்பனை செய்யச் சொன்னார். ஊமைபோல் இருந்தவர்கள் பேசவும் சிரிக்கவும் தொடங்கினார்கள். யார் எதைச் சொன்னாலும் தவறு என்று சொல்லாமல் அப்படியே எழுதிக்கொண்டு, முடிவில் அவர்களுக்கே படித்துக் காட்டினார். இன்று பல நாடுகளில் இம்முறை நடக்கிறது. நமக்கு ஏற்ற படம் கப்பல் படம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் ஓடிய 'ரஜூலா' கப்பலை அறியாத பழைய ஆள் உண்டா? "இந்தக் கப்பலில் யார் போகிறார்? பெட்டியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

5. வண்ணமும் மருதோன்றியும். மெழுகால் கோடு வரைந்த பாத்தேக் துணி நம் நாட்டுக் கடைகளில் எளிதில் கிடைக்கும். கோட்டுக்குள் வண்ணம் தீட்டினால், கை நடுங்கினாலும் அழகாகவே வரும். பெண்களுக்கு மருதோன்றி இடலாம். இட்டுவிடுபவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரமே பெரிய மருந்து. வெளியாரின் கை அன்போடு பட்டு மாதக்கணக்கான தாய்மார்கள் இல்லங்களில் உண்டு. பூக் கட்டுவது, பாய்க்கோரை பின்னுவது, இடியாப்ப மாவு பிசைவது இவையும் தக்கவை.

6. செடி வளர்த்தல். பாண்டான் இலை, கறிவேப்பிலை இரண்டும் தொட்டியில் வளரும். ஒரு சிறு குவளையில் தண்ணீர் ஊற்றுவதும், இலையைக் கிள்ளி முகர்வதும் தோட்டமிட்டு வாழ்ந்தவர்க்கு மனம் குளிரும் வேலை.

கவனிக்க வேண்டியவை

பரீட்சை வைக்காதீர்கள். "என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!" என்று கேட்பது நம்மவர்களிடம் பெரிய வழக்கம். தெரியவில்லையே என்று அவர் உள்ளுக்குள் வெட்கிப்போகிறார். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமு, நான் இன்னார் மகன் வந்திருக்கிறேன்" என்று நாமே சொல்லிவிடுவது மரியாதை.

திருத்தாதீர்கள். 1972-இலேயே போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெரியவர் பழைய பெயரையே சொன்னால் இருக்கட்டும். "அங்கே அப்போது கூலி என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டால் பேச்சு வளரும்.

குழந்தை விளையாட்டுச் சாமான்களைக் கொடுக்காதீர்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசவும் வேண்டாம். வேலையைப் பாதியில் விட்டால் விட்டுவிடட்டும். மாட்டேன் என்றால் வற்புறுத்தலாகாது. பலருக்கு மாலையில் படபடப்பு அதிகமாகும். ஆகவே முற்பகலே நல்ல நேரம். கண்ணாடியும், காது கேட்கும் கருவியும் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று குழப்பம் அதிகரித்தால் அது காய்ச்சலாலோ மூத்திரப்பைக் கிருமியாலோ இருக்கலாம். பாட்டுப் பாடிக் காலம் கடத்தாமல் இல்லத்தாரிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

பெண்கள் பகுதிக்குப் பெண் அங்கத்தினர்களே செல்ல வேண்டும். இல்லத்தாரின் அனுமதியின்றி உணவோ இனிப்போ கொடுக்கக்கூடாது. நீரிழிவுக்காரர் பலர், விழுங்கச் சிரமப்படுபவரும் உண்டு. முக்கியமாக, புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போடுவதை அறவே விட்டுவிட வேண்டும். தம் நிலையைப் பிறர் பார்ப்பதற்கு அவர் சம்மதம் கொடுக்கவில்லை. நாம் செய்த நற்பணிக்கு அவருடைய மானம் விலையாகலாமா?

ஓர் ஆட்சேபம்

நமக்கு அறிமுகமான ஓர் இளைஞர் வருத்தத்தோடு கேட்டார்: "எங்க அத்தா முப்பது வருஷம் முதலாளியா இருந்தவங்க. நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவங்க. அவங்களைப் போய்ப் பொட்டலம் மடிக்கச் சொல்றீங்களே, பாய்?"

நியாயமான கேள்விதான். தகப்பனாரின் கௌரவத்தை எண்ணியே கேட்டார். நாம் சொன்ன பதில் இது: முதலாளிக்கு முதலாளியின் வேலையைக் கொடுங்கள். பழைய கணக்குப் புத்தகம் ஒன்றும் பேனாவும் கொடுத்து வரவு எழுதச் சொல்லுங்கள். பிறர் மடித்த பொட்டலத்தை அவர் சரிபார்க்கட்டும். தொகை தப்பாகக் கூட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வேலை எது என்பதை அவருடைய வாழ்க்கை தீர்மானிக்க வேண்டும். நம் வசதி தீர்மானிக்கக்கூடாது. சும்மா உட்காரவைப்பதில்தான் கௌரவம் இருக்கிறது என்று எண்ணுவது தவறு. உழைத்துப் பழகிய மனிதனுக்குச் சும்மா இருப்பது தண்டனை.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தாளில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயர் என்ன, பிறந்த ஊர் பனைக்குளமா, முத்துப்பேட்டையா, கடையநல்லூரா, அல்லது இந்நாடேயா? என்ன தொழில் செய்தார்? எந்தப் பாட்டு பிடிக்கும்? எதற்குப் பயப்படுவார்? தேநீரில் எவ்வளவு சர்க்கரை போட்டுக் குடித்து வந்தார்? இதை மலாயில் எழுதிக் கட்டிலருகே ஒட்டினால், தாதியருக்கு வழி தெரியும். கூடவே தண்ணீர், சோறு, வலி, குளிர், ஒன்றுக்குப் போக வேண்டும் என்பன போன்ற 10 தமிழ்ச் சொற்களை அவர்களுக்கு விளங்கும் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். செலவு ஒரு தாள்தான்.

இரண்டாவதாக, இல்லத்தைத் தெரிவு செய்யும்போது கட்டடத்தை மட்டும் பார்க்காமல், 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பிறகு, "காலை பத்து மணிக்கு இவர்கள் என்ன செய்வார்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தைப் பற்றி மறுமுறை யோசிக்க வேண்டும்.

மூன்றாவதாக, சங்க அங்கத்தினர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, மாதம் ஒரு முறையாவது ஒரே இல்லத்துக்குத் தொடர்ந்து போக வேண்டும். நோன்பு மாதத்தில் ஐம்பது பேர் திரண்டு போய், பொட்டலம் கொடுத்துப் படமெடுத்துத் திரும்பினால், அவர்களுக்கு அன்று குழப்பமே மிஞ்சும். இருவர் போய், இருவரோடு உட்கார்ந்து, அரை மணி நேரம் கைவேலை செய்துவிட்டு வந்தால் போதும். நம் பெயர் அவர்களுக்கு நினைவிராது. போன மாதம் வந்ததும் நினைவிராது. ஆனால் நல்லவர் யாரோ வந்திருக்கிறார் என்ற நிம்மதி, நாம் எழுந்து வந்த பிறகும் சிறிது நேரம் அவர்கள் முகத்தில் நிற்பதைக் காணலாம்.

சணல் நூலும் பழைய தாளும் தர விரும்புவோர் சங்கக் காரியாலயத்தில் சேர்த்துவிடுங்கள். வயதில் மூத்த வியாபாரிகள், தங்கள் காலத்துக் கடை வழக்கங்களை இளைஞர்களுக்குச் சொல்லி வையுங்கள். அந்தச் செய்தி நாளை நமக்கே தேவைப்படலாம். நம் கையும் ஏதோ ஒரு தொழிலைப் பழகிக்கொண்டுதான் இருக்கிறது.